கையிருப்பில் முதலிடம் தண்ணீருக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

புயல் எச்சரிக்கை வந்தால் கடையில் உணவுப் பொருட்களைத்தான் அள்ளுகிறோம். முதலில் தட்டுப்பாடு வருவதோ தண்ணீருக்கு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். நால்வர் வீட்டுக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். பால் வந்த கேனில் பிடித்து வைக்காதீர்கள். எவ்வளவு தேய்த்தாலும் கொழுப்பும் புரதமும் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு கிருமிக்குத் தீனியாகும். பிடித்த தேதியைக் கேன் மேலேயே எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கிருமி இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் தளதளவென ஒரு நிமிடம் கொதிக்கவிடுவதே மேல். அடுப்பெரிக்க வழியில்லையா? வாசனை சேர்க்காத 6 சதவீத பிளீச் (துணி வெளுக்கும் குளோரின் திரவம்), லிட்டருக்கு 2 சொட்டு. அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டி 4 சொட்டு. நாள்பட்ட பிளீச்சுக்கு வீரியம் இருக்காது. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

டார்ச்சுக்குள்ளேயே பேட்டரியைப் போட்டு மாதக்கணக்கில் வைத்தால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். கழற்றித் தனியே, டார்ச்சோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். டின் உணவு வாங்குபவர்கள் திறப்பானையும் வாங்க வேண்டும் (சிரிக்காதீர்கள், விடுபடுவது அதுதான்). அன்றாட மாத்திரைகள் ஒரு வாரத்துக்காவது கூடுதலாக இருக்கட்டும். இன்சுலின் போடுபவர்கள், மின்சாரம் போனால் அதை எப்படி வைப்பதென்று மருத்துவரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

– ஒரு வாசகர்