நாலு ஃபேன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. வளைகாப்புப் போட்டோ அனுப்பு.

எவ்வளவு மின்சாரம் மிச்சமாகும் என்று காட்டும் ஸ்டார் ஸ்டிக்கர் இல்லாத சீலிங் ஃபேனை விற்கக் கூடாது என்று 2023 ஜனவரியில் வந்த விதிமேல் உனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை போலிருக்கிறது. "எது நல்லதென்று வாங்குகிறவனுக்குத் தெரியாதா, இதற்கு எதுக்குச் சட்டம்?" என்று கேட்டிருந்தாய். கடை நடத்துகிறவன் கேட்பது நியாயம்தான். இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் இருக்கும் கலிபோர்னியாவில் இதே சண்டை எழுபதுகளிலேயே நடந்திருக்கிறது. அப்போது அமெரிக்காவில் ஒரு புது ஃபிரிட்ஜ் வருஷத்துக்குச் சுமார் 1,700 யூனிட் இழுத்தது. 1974-இல் இந்த மாநிலம் சட்டம் போட்டு, இவ்வளவுக்குமேல் மின்சாரம் இழுக்கும் ஃபிரிட்ஜை இங்கே விற்கக் கூடாது என்று ஆரம்பித்தது. பிறகு வேறு மாநிலங்களும் ஆளுக்கொரு விதி கொண்டுவந்தன. நாடு முழுவதற்கும் விதி செய்யச் சொல்லி 1978-இல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டம் இயற்றியது. பிறகு வந்த அதிபர் ரீகனின் அரசோ விதியே தேவையில்லை என்று கைகழுவப் பார்த்தது. சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று வழக்குப் போட, 1985-இல் நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளிவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கம்பெனிக்காரர்களும் வழக்குப் போட்டவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். மாநிலத்துக்கு ஒரு மாடல் செய்து மாளாது, நாட்டுக்கே ஒரே விதி வேண்டும் என்பது கம்பெனிகளின் கவலை. அளவு சட்டத்திலேயே எண்ணாக இருக்க வேண்டும், பின்னால் வரும் அரசு அதைத் தளர்த்தக் கூடாது என்பது எதிர்த்தரப்பின் பிடிவாதம். இரண்டையும் சேர்த்தே சட்டம் எழுதினார்கள். 1986-இல் ரீகன் கையெழுத்துப் போடவில்லை. மறுவருஷம் நாடாளுமன்ற மேலவையான செனட்டில் 89-க்கு 6 என்று மறுபடி நிறைவேறியது. அந்த மார்ச்சிலேயே கையெழுத்தும் ஆனது. 2001-இல் வந்த விதிப்படி ஃபிரிட்ஜ் இழுப்பது சுமார் 500 யூனிட்தான். கம்பெனிகளே ஒப்புக்கொண்டு வந்ததால்தான் அந்தச் சட்டம் நிலைத்தது என்று நினைக்கிறேன். நம் ஊரில் உன்னைப் போன்ற சில்லறை வியாபாரியையும் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும்; அந்த வருத்தம் எனக்கும் உண்டு.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வாங்குகிறவனுக்குத் தெரியும்தான். ஆனால் வாடகை வீட்டில் ஃபேனை வாங்கி மாட்டுவது வீட்டுக்காரர், கரண்ட் பில் கட்டுவது குடியிருப்பவர். வீட்டுக்காரர் கடைக்கு வந்து "இருப்பதிலேயே விலை குறைந்தது கொடு" என்றுதானே கேட்கிறார்? குடியிருப்பவர் அங்கே இல்லவே இல்லை. பழைய ஃபேன் 75 வாட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் 30 வாட். நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு மட்டும் 40 யூனிட் வித்தியாசம். அந்தப் பணம் குடியிருப்பவர்கள் பையிலிருந்து போகிறது. அவர்களுக்காகப் பேச சட்டத்தை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், சொல்.

இதை எழுதும்போதே காரைக்குடி வீட்டு மாடி நினைவுக்கு வந்தது. அங்கே அப்பா மாட்டிய நாலு பழைய ஃபேன்தான் இன்னும் ஓடுகிறது. பில் கட்டுவது அந்த டீச்சர் குடும்பம். நாலையும் கழற்றிவிட்டு நல்லதாக நீயே மாட்டிக் கொடு. வாடகையை ஏற்ற வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். எவ்வளவு ஆகும் என்று எழுது, இந்த வாரமே அனுப்புகிறேன்.

அன்புடன்,
மூர்த்தி