உன் மட்டையைக் கொடுத்தனுப்புகிறேன்

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

முந்தாநாள் போனில் பேசும்போது, "வேலை நாளெல்லாம் ஓடிடுதும்மா, சனிக்கிழமைதான் என்ன செய்யறதுன்னு தெரியல" என்று சொன்னாய். சொன்ன வாயோடு பேச்சை மாற்றி, ரசப்பொடி அனுப்புவீங்களா என்று கேட்டாய். நானும் ரசப்பொடியைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்குப் போனில் பேச வராது, உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

உன் பெரியப்பா மகன் வியாழக்கிழமை மெல்பர்ன் வருகிறான். அவனிடம் உன் ஹாக்கி மட்டையைக் கொடுத்தனுப்புகிறேன். மட்டையிலோ காலணியிலோ மண் ஒட்டியிருந்தால் ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் விடமாட்டார்கள் என்று சொன்னான். சரி என்று குளியலறையில் உட்கார்ந்து, பழைய பல் பிரஷ்ஷால் அதன் வளைவு முழுக்கத் தேய்த்துக் கழுவினேன். பிடியில் சுற்றியிருந்த பட்டை பிசுபிசுவென்று கையோடு வந்துவிட்டது. அதை உரித்ததும் உள்ளே உன் அப்பாவின் கையெழுத்து தெரிந்தது. உன் பெயரும் நம் புளோக் எண்ணும் கறுப்பு மையில் இருந்தன. மேலே புதுப் பட்டை சுற்றிவிட்டேன். எழுத்து உள்ளேயே இருக்கிறது, அழிக்கவில்லை.

அந்த மட்டையை வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? 2010, நீ உயர்நிலை ஒன்றில் சேர்ந்த வருஷம். கடைக்காரரிடம் இடக்கை மட்டை கேட்டாய். அப்படி ஒன்று கிடையாது, ஹாக்கியில் மட்டையின் தட்டைப் பக்கம் எல்லாருக்கும் ஒரே பக்கம்தான் என்று அவர் சொன்னதும் உனக்கு முகம் சுருங்கிவிட்டது. ரயிலில் ஒரு வார்த்தை பேசவில்லை. பூன் கெங்கில் இறங்கியதும் அப்பா உன்னை வீட்டுக்குக் கூட்டிவராமல் வாம்போ ஆற்றோரத்துக்குக் கூட்டிப்போனார். உன் இடக்கையைப் பிடியின் உச்சியில் வைத்து, "மட்டையைத் திருப்புறது இந்தக் கைதான். வலக்கை சும்மா துணைக்கு. மத்த பிள்ளைங்க இடக்கையைப் பழக்க வருஷக்கணக்காகும், உனக்குப் பிறவியிலேயே இருக்கு" என்றார். அன்றைக்கு இருட்டும்வரை பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கொண்டே இருந்தாய். நான் சாப்பாட்டை மூன்று தடவை சுட வைத்தேன்.

கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி இந்தச் சிங்கப்பூருக்கு வந்தபோது எனக்கு 23 வயது. 1993. தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி இங்கேயே நடந்த வருஷம். நம் பெண்கள் ஹாக்கி அணி தங்கம் வாங்கியது என்று உன் அப்பா வீட்டுக்குள் குதித்ததுதான், இந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கு முதலில் தெரிந்த சங்கதி. எனக்கோ லிஃப்டில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்றே பயம். தேக்கா சந்தைக்கும் தனியாகப் போகத் தெரியாது. ஒரு சனிக்கிழமை சாயங்காலத்துக்குப் பேச ஆளில்லாமல் பால்கனி துணிக்கொம்பைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் பாப்பா. அதைத்தான் போனில் சொல்லாமல் விட்டேன்.

அப்பாவுக்கு பாலஸ்டியர் சாலை இந்தியர் சங்கம்தான் உயிர். 1923-ல் தொடங்கின சங்கம், நம் ஹாக்கி அணி கிட்டத்தட்ட நூறு வருஷத்துப் பேர் என்பார். இன்னொரு கதையும் வைத்திருந்தார், தாத்தாவிடம் கேட்டது. 1956-ல் சிங்கப்பூர் ஹாக்கி அணி ஒலிம்பிக்கில் ஆடியது. அப்போது நமக்குச் சுதந்திரம்கூட வரவில்லை. அந்த வருஷம் தங்கம் வாங்கிய இந்தியாவிடம் 6 கோல் வாங்கித் தோற்றோம். "அமெரிக்காவுக்கு 16 போட்டாங்க, நமக்கு 6 தான்" என்று ஜெயித்த மாதிரியே சொல்வார். கடைசியில் எட்டாவது இடம். அது நடந்தது நீ இப்போது இருக்கும் மெல்பர்னில். உனக்கு அங்கே வேலை கிடைத்தபோது இந்தக் கதையைத் திரும்பச் சொல்ல அவர் இல்லையே என்றுதான் முதலில் நினைத்தேன்.

எனக்கு இங்கே திடலோரத்தில் ஆள் சேர்ந்த கதையை உனக்குச் சொன்னதே இல்லை. நீயும் கூட இருந்தாய், ஆனால் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். செங்காங் ஹாக்கி அரங்கம். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மின்னல் எச்சரிக்கை ஒலித்தது. எல்லாரும் திடலை விட்டு ஓடிக் கூரைக்குக் கீழே வந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. எனக்கு வலப்பக்கம் ஒரு மலாய்க்கார அம்மா, எதிரணி கோல்கீப்பரின் தாய், நம் மாக்சிக். மலாயில் மாக்சிக் என்றால் அத்தை, பெரியம்மா மாதிரி. அவருக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து மருமகளாக வந்த பெரியம்மா. அவர் வீட்டு ஆண்கள் எல்லாரும் சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப், அன்றைக்குச் சும்மா வேடிக்கை பார்க்க வந்திருந்தார். மாக்சிக் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து எப்போக்-எப்போக், அந்த மலாய்க் கறிப்பஃப், நீட்டினார். எனக்கு ஹாக்கி தெரியாது, பந்து காலில் பட்டால் ஏன் விசில் ஊதுகிறார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் அரைகுறை. பெரியம்மா நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சொன்னார். மழை விட்டு ஆட்டம் திரும்பத் தொடங்கும்போது எனக்கு ஹாக்கியும் தெரிந்தது, இரண்டு அக்காமாரும் கிடைத்தார்கள்.

அன்றிலிருந்து மூன்று பேரும் மூன்று அணி. யாரும் மாறவில்லை. மாறச் சொல்லவும் இல்லை.

2019-ல் அப்பா போன பிறகு நான் திடல் பக்கம் போவதை விட்டுவிட்டேன். சங்கத்தின் மஞ்சள் துண்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். நீ பரீட்சை, அப்புறம் வேலை தேடுவது என்று இருந்தாய், உன்னிடம் சொல்லவில்லை. நாலாவது சனிக்கிழமை கீழே இருந்து போன் வந்தது. பெரியம்மா. "வெளிக்கிடு பிள்ளை, ரயிலுக்கு நேரம் போகுது." வரவில்லை அக்கா என்றேன். சரி என்று வைத்துவிட்டார். பத்து நிமிடம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், புளோக்குக்குக் கீழே கல் மேசையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள், மாக்சிக் டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறார். ஆட்டம் தொடங்கி முடிந்தே போய்விட்டது, அவர்கள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் நான் கோப்பி கலந்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அன்றைக்கு மாக்சிக்கின் மகன் ஆடிக்கொண்டிருந்தான், அதையும் விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று பெரியம்மா அப்புறம்தான் சொன்னார். அடுத்த வாரம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

இப்போது போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். மாக்சிக்குக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. அதே சனிக்கிழமை நம் அணிக்கும் அவர் மகன் அணிக்கும் ஆட்டம். நான் ஆஸ்பத்திரியில் அவரோடு இருந்துகொண்டேன், பெரியம்மா செங்காங்கிலிருந்து வீடியோ அழைப்பில் காட்டினார். அவருக்குப் போனை நேராகப் பிடிக்கத் தெரியாது. பாதி நேரம் வானம்தான் தெரிந்தது. தண்ணீர் தெளித்த திடலில் பந்து போகும்போது சின்னச் சின்னதாகத் துளி பறக்குமே, அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அவர்கள் ஒரு கோல் முன்னால். கடைசி நொடியில் நமக்கு ஒரு பெனால்டி கார்னர். அதைக் கொடுத்துவிட்டால், நேரம் முடிந்தாலும் அது ஆடி முடியும்வரை ஆட்டம் முடியாது. உனக்குத் தெரியாததா. மற்றவர்களெல்லாம் நடுக்கோட்டுக்குப் போய்விட்டார்கள். கோல் கோட்டுக்குப் பின்னால் ஐந்தே பேர். நாலு பேர் முகக்கவசம் மாட்டுகிறார்கள். மாக்சிக்கின் மகன் வழக்கம்போல மட்டையால் இடது கம்பத்தில் ஒரு தட்டு, வலது கம்பத்தில் ஒரு தட்டு. மாக்சிக் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டிருந்த கை, விடுங்கள் என்றால் கேட்கவில்லை. நம் பையன் பந்தைத் தள்ளினான், வட்டத்துக்கு வெளியே நிறுத்தினார்கள், இழுத்து வீசினார்கள். அந்த நொடியில் நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? கோல் ஆகக் கூடாது என்று. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நம் அணிக்கு அப்படி நினைத்ததில்லை. அவன் இடப்பக்கம் விழுந்து காலால் தடுத்தான். மாக்சிக் தலையணையில் முகத்தை வைத்து அழுதார். நானும் அழுதேன். தாதி ஓடிவந்து எங்கே வலிக்கிறது என்று கேட்டது.

வீட்டுக்கு வந்து அப்பா படத்துக்கு விளக்கேற்றும்போது நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அங்கே ஹாக்கி குளிர்காலத்து ஆட்டம் என்று உன் அண்ணன் சொன்னான். பார்க்வில் என்ற இடத்தில் பெரிய ஹாக்கி நிலையம் இருக்கிறதாம். உன் ஆபீசிலிருந்து எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. நீ ஆடித்தான் ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. எட்டு வருஷமாக மட்டை தொடவில்லை, மூச்சு வாங்கும், தெரியும். ஒரு சனிக்கிழமை கையில் ஏதாவது சாப்பிட எடுத்துக்கொண்டு போய் ஓரமாக உட்கார். டப்பாவில் இரண்டு பேருக்குப் போதுமான அளவு வைத்துக்கொள்.

முட்டிக்காப்பையும் பையிலேயே வைத்திருக்கிறேன். ரசப்பொடி தனிப் பொட்டலம், அதை மறைக்காமல் அட்டையில் எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். பிடுங்கிக்கொண்டால் கவலைப்படாதே, அங்கேயே மிளகு வாங்கி எப்படி அரைப்பது என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

மாக்சிக் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். வரும் சனிக்கிழமை முதல் தடவையாகத் திடலுக்கு வருகிறார். ஃபார்ம்வே இலகு ரயில் நிலையத்திலிருந்து மெதுவாக நடத்திக் கூட்டிப்போக வேண்டும், அதனால் நாங்கள் சீக்கிரமே கிளம்புகிறோம். ஆட்டம் 4 மணிக்கு. 6 மணிக்கு மேல் போன் செய், உனக்கு அப்போது 8 மணி இருக்கும். மூன்று பேரும் பேசுவோம்.

அன்புடன்
அம்மா