கணக்குப் பாடவேளை மைதானத்துக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு நெருங்கும்போதெல்லாம் நம் பள்ளிகள் பலவற்றில் முதலில் பறிபோவது உடற்கல்விப் பாடவேளைதான். பெரும்பாலும் அது கணக்குக்கே போகிறது. கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான், அதற்கு மாறாகக் கணக்குப் பாடவேளைகளில் சிலவற்றை மைதானத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விளையாட்டு விழாவுக்காகச் சுண்ணாம்புப் பொடியால் ஓடுதளம் வரைவதையே எடுத்துக்கொள்ளலாம். வெளித்தடத்தில் ஓடுபவர் சற்று முன்னால் நின்று புறப்படுவதை மாணவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். அதன் காரணம் அவர்களுடைய கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது என்பதை யாரும் காட்டுவதில்லை. இரு முனைகளிலும் உள்ள அரைவட்டங்கள் சேர்ந்தால் ஒரு முழுவட்டம். தடத்தின் அகலம் 1.22 மீட்டர் என்றால், ஒரு தடம் வெளியே தள்ளிப்போகும்போது ஆரம் அந்த அளவு கூடுகிறது. ஆகவே ஒரு முழுச் சுற்றுக்கு 2 × 3.14 × 1.22, அதாவது ஏறத்தாழ 7.66 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். 400 மீட்டர் ஓடுதளமானாலும், இடமில்லாத பள்ளியின் 200 மீட்டர் ஓடுதளமானாலும் இந்த வேறுபாடு மாறாது; பெரிய வட்டத்தின் சுற்றளவிலிருந்து சிறியதைக் கழிக்கும்போது உள்வட்டத்தின் ஆரம் நீங்கிவிடுகிறது. கரும்பலகையில் இதை எழுதிக் காட்டினால் நம்ப மறுக்கும் பிள்ளைகளும், தாங்களே நாடாவைப் பிடித்து அளந்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

கையுந்துபந்து ஆடுகளத்தின் மூலைகளைச் செங்கோணமாக அமைக்க, 3, 4, 5 மீட்டர் அளவில் முடிச்சிட்ட கயிறும் மூன்று முளைக்குச்சிகளும் போதும். 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள அந்தக் களத்தின் இரு மூலைவிட்டங்களும் ஏறத்தாழ 20.12 மீட்டர் வருகின்றனவா என்று சரிபார்ப்பதே பிதாகரஸ் தேற்றத்துக்கு நல்ல பயிற்சி.

பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை, வெயில் கடுமை, பிள்ளைகளை வெளியே கட்டுப்படுத்துவது கடினம் என்ற தயக்கங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. காலை முதல் பாடவேளையில், சிறு குழுக்களாக, குழுவுக்கு ஒரு வேலை என்று பிரித்துக் கொடுத்தால் இவற்றில் பெரும்பகுதி தீரும்.

பாடம் நடக்கும்போதே மாணவர்களின் கற்றலை மதிப்பிடும் வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடுகள் பல இடங்களில் சார்ட் அட்டையில் படம் ஒட்டுவதோடு முடிந்துவிடுகின்றன என்பது வருத்தத்துக்குரியது. அவற்றில் கள அளவீட்டையும் சேர்த்து, ஒவ்வொரு பள்ளிக்கும் நீளமான அளவு நாடாக்களை வழங்கி, கணித ஆசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் இணைந்து திட்டமிடப் பள்ளிக்கல்வித் துறை வழிசெய்ய வேண்டும். உடற்கல்விப் பாடவேளையில் வேறு பாடம் நடத்தக் கூடாது என்பதையும் தலைமையாசிரியர்கள் உறுதியாக நடைமுறைப்படுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.