ஒரு கப் மைதாவுக்கு ஒரு கப் ஓட்ஸ் ஈடாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மைதாவை ஒதுக்கிவிட்டு ஓட்ஸில் பேன்கேக் சுடும் குறிப்புகள் நம் நாளேடுகளின் ஞாயிறு இணைப்புகளில் அண்மைக் காலமாக அடிக்கடி இடம்பெறுகின்றன. வீட்டில் இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவருக்குச் சமைக்கிறவள் என்பதால், அவற்றைக் கத்தரித்து வைத்துக்கொண்டு செய்து பார்ப்பது என் வழக்கம். அப்படி எடுத்து வைத்த ஒரு குறிப்பு, ஒரு கப் மைதாவுக்குப் பதில் ஒரு கப் ஓட்ஸ், அரைக் கப் டின் பால் (சீனி சேர்த்த கெட்டிப்பால்), ஒரு முட்டை என்று தொடங்கி, மாவே இல்லாததால் இனிப்பு நீர் உள்ளவர்கள் வயிறாரச் சாப்பிடலாம் என்று முடிந்திருந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சொன்னபடியே செய்தேன். கல்லில் ஊற்றியது ஓரத்தில் கருகி, நடுவில் களியாகக் கிடந்தது. திருப்பப் போனால் நான்காகப் பிய்ந்தது. என் கணவர் அதைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, உப்புமா நன்றாக இருக்கிறது என்றார்.

காரணம் எளியது. ஒரு கப் மைதா ஏறத்தாழ 120 கிராம் எடையுள்ளது. அதே கப்பில் அவல் போன்ற முழு ஓட்ஸை நிரப்பினால் 80, 90 கிராம்தான் வரும். கோதுமையில் மாவைப் பிடித்து நிறுத்தும் குளூட்டன் ஓட்ஸில் இல்லை என்பதோடு, ஓட்ஸ் நீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். ஆகவே கரைத்தவுடன் ஊற்றினால் நீர்த்து ஓடும், திருப்பினால் உடையும். டின் பாலின் சீனியோ உள்ளே வேகும் முன்பே அடியைக் கருக்கிவிடும்.

நான்கைந்து காலைப் பசியாறல்களைப் பலி கொடுத்த பின் எனக்குச் சரியாக வந்த அளவு இது. 100 கிராம் முழு ஓட்ஸில் மூன்றில் இரண்டு பங்கை மிக்ஸியில் அரைத்து, மீதியை அப்படியே விட்டு, இரண்டு முட்டை, பிசைந்த பீசாங் மாஸ் வாழைப்பழம் ஒன்று, 120 மில்லிலிட்டர் பால், அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். கலவை இட்லி மாவுப் பதத்துக்கு இறுகியதும், தீயைக் குறைத்து, உள்ளங்கை அகலத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, மேலே வரும் குமிழிகள் உடைந்து குழி மூடாமல் நிற்கும்போது திருப்பினால் உடையாது. ஓட்ஸ் முழுவதையும் நைசாக அரைக்காததற்குக் காரணம் உண்டு: பொடியாகப் பொடியாக அதன் மாவுச்சத்து விரைந்து செரித்து, சர்க்கரையை வேகமாக ஏற்றுகிறது. வெந்நீர் ஊற்றியதும் குழைந்துவிடும் உடனடி ஓட்ஸும் அப்படித்தான்.

ஆனால் என்னை எழுதத் தூண்டியது பிய்ந்த பேன்கேக் அல்ல, 'வயிறார' என்ற சொல். 100 கிராம் ஓட்ஸில் சுமார் 380 கலோரியும் 65 கிராமுக்குக் குறையாத மாவுப்பொருளும் உள்ளன. கலோரிக் கணக்கில் மைதாவுக்கு அது சளைத்ததே அல்ல. வேறுபாடு நார்ச்சத்தில் இருக்கிறது: மைதாவில் 3 கிராம் அளவுக்கு இருப்பது ஓட்ஸில் 10 கிராம், அதில் ஏறத்தாழ 4 கிராம், இரத்தக் கொழுப்பைக் குறைக்க உதவும் பீட்டா குளுக்கான் என்ற நார். எனவே மேற்சொன்ன அளவு இருவருக்கானது, ஒருவருக்கானதன்று. அரைக் கப் டின் பாலில் மட்டும் 80 கிராம் சீனி, அதாவது 16 தேக்கரண்டி இருக்கிறது. அதை ஊற்றிய பிறகு மைதாவை நீக்கி என்ன பயன்? அந்தக் குறிப்பின்படி செய்த அன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து என் கணவரின் இரத்தச் சர்க்கரை அளவு லிட்டருக்கு 13.4 மில்லிமோல் காட்டியது. என் முறையில் செய்து இரண்டு பேன்கேக்கோடு நிறுத்திய நாளில் 8.9. ஒரு வீட்டின் இரு நாள் கணக்கை ஆய்வு என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் டின் பாலை நான் அதன்பின் அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுவரவில்லை.

2023ஆம் ஆண்டின் மலேசியத் தேசியச் சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரியவந்தது. தங்கள் இணைப்பைப் படிக்கும் பல வீடுகளில் என் வீட்டைப் போலவே ஊசியும் மாத்திரையும் இருக்கும். ஆகவே இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது, கப் கணக்கோடு கிராம் அளவையும், எந்த வகை ஓட்ஸ் என்பதையும், எத்தனை பேருக்கு என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கோதுமை ஒவ்வாதவர்களுக்கும் ஓட்ஸ் ஏற்றது என்று எழுதுவோர், பல ஆலைகளில் இரண்டும் ஒரே இயந்திரத்தில் அரைபடுவதால் பொட்டலத்தின் குறிப்பைப் பார்த்து வாங்கச் சொல்லிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு