சங்கக் கட்டடத்துக்குச் சீமெந்து வேண்டாம்

மதிப்புக்குரிய வணிகர் சங்க நிருவாகக் குழுவினருக்கும், திருத்த வேலையை மேற்பார்வை செய்யும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். கண்டி வீதிப் பக்கச் சுவரின் பழைய சுண்ணாம்புப் பூச்சைப் போன கிழமை முழுதாகக் கொத்தி இறக்கிவிட்டார்கள். இப்போது வாசலில் சீமெந்து மூடைகள் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்க முன்னர் இந்த மடலை வாசித்துவிடுங்கள்.

கட்டடத்தின் கதையை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. 1905இல் வடபகுதி ரயில் பாதை முழுதாகத் திறந்த பின், இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்தது. சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அத்திவாரத்தில் ஈரம் தடுக்கும் படை கிடையாது. மாரியில் நிலத்து ஈரம் சுவரில் ஏறும், கோடையில் சுண்ணாம்புக்குள்ளால் வெளியேறிவிடும். கட்டினவர்கள் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தார்கள்.

சீமெந்து அந்த வழியை அடைக்கும். ஏறிய ஈரம் இன்னும் மேலே போகும், அல்லது உள்பக்கம் திரும்பும். அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் உறைந்து, செங்கல்லின் முகத்தைப் பொடியாக்கும். வெளியே வழுவழுப்பாக இருக்கிற சுவரை விரலால் தட்டினால் வெறும் கூடாகக் கேட்கும்.

சந்தேகமென்றால் முந்திய திருத்தத்தில் சீமெந்து பூசிய பின்சுவரைப் போய்ப் பாருங்கள். அந்தப் பக்கக் கடைகளில் அரிசி மூடையைச் சுவரோடு சாய்க்க முடியாது. பலகை போட்டு ஒரு முழம் தள்ளி அடுக்கினாலும் அடிமூடை கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கிறது. ஈரத்தை மறைக்க எண்ணெய்ப் பெயின்ற் அடித்தார்கள். அது ஒரு மாரிக்குள் கொப்புளித்து உரிந்தது. வாடகை மட்டும் ஈரம் பாராமல் ஏறுகிறது.

ஆகவே சீமெந்து வேண்டாம், சுண்ணாம்பே பூசுங்கள். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றிக் குறைந்தது 3 கிழமை தண்ணீருக்குள் ஊறவிட வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு 3 பங்கு அரித்த ஆற்றுமணல். கடல்மணல் கூடவே கூடாது, உப்பை நாமே கொண்டுபோய்ச் சுவரில் அப்பியதாகிவிடும். ஈரம் கூடிய கீழ்ச்சுவருக்குச் செங்கல் தூள் கொஞ்சம் சேர்க்கலாம். சுவரை முதல்நாளே நனைத்து, ஒரு படை 10 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் பூசி, அது இறுகிய பிறகே அடுத்த படை. சோளகக் காற்று அடிக்கிற நாட்களில் நனைத்த சாக்குத் தொங்கவிட்டு ஒரு கிழமை ஈரம் காக்காவிட்டால், இறுக முன்னரே காய்ந்து மாவாய் உதிரும். நாள் பிடிக்கிற வேலைதான். ஒப்பந்தகாரருக்குக் கசப்பது அதுதான் போலும்.

முகப்பின் படிவைத்த கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் மழைநீர்ப் பீலியையும் துப்புரவாக்குங்கள். சருகு அடைத்தால் மழை நேரே சுவருக்குள் இறங்கும். ஓடு கழற்றினால் அடியிலுள்ள ஆலை முத்திரை பார்த்துப் பிரித்து அடுக்கச் சொல்லுங்கள், ஓர் ஆலை ஓடு மற்றதோடு சரியாகப் பூட்டாது.

சீமெந்து வேண்டாமென்று முன்னர் கேட்டபோது "இது தொல்பொருள் இல்லையே" என்ற பதில் வந்தது. சரிதான். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைக்கிறது. அதற்குப் பின் எழுந்த கட்டடத்துக்கு அரசு தனியே அறிவித்தால்தான் பாதுகாப்பு. சட்டம் தடுக்காததையெல்லாம் செய்துதான் பார்க்க வேண்டுமா? கிளிநொச்சியில் போரில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியை வெகுகாலம் சுற்றுலாக்காரருக்குக் காட்சிப்பொருளாக வைத்திருந்தார்கள். எங்கள் கட்டடமும் விழுந்தால்தான் திரும்பிப் பார்ப்பார்களோ என்னவோ.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டோம். சீமெந்து மூடைகளைத் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள். பின்வளவில் நீற்றுக்குழி வெட்ட இந்தக் கிழமையே அனுமதி தாருங்கள். ஆடியில் நீற்றினால்தான் ஆவணியில் பூசத் தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் முடிக்கலாம்.

பணிவுடன்,
பழைய கட்டட வேலை தெரிந்த மேசன்மாரும் தச்சர்களும்,
வன்னி