எதிர் வீட்டுப் பெண்ணும் இரண்டாம் கட்டுத் தரையும்

காரைக்குடி
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். உன் அப்பச்சி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மாசம் எவ்வளவு கேட்கப் போறாளாம்?" என்று ஃபீஸிலேயே நின்றுவிட்டார். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உன் எதிர் ஃப்ளாட் பெண் பிளஸ் டூ. கணக்கு என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்கிறாள். கல்லூரியிலும் கணிதமே படிக்க வேண்டும், இந்தியப் புள்ளியியல் நிறுவனமான ஐ.எஸ்.ஐ., சென்னைக் கணித நிறுவனமான சி.எம்.ஐ. இரண்டு நுழைவுத் தேர்வும் எழுதப் போகிறாள். எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஆபீஸ் வேலை பார்க்கும் உன்னிடம் டியூஷன் கேட்கிறாள். ஒத்துக்கொள்ளலாமா, காசு வாங்கலாமா, எனக்கே தெரியாததைக் கேட்டால் என்ன செய்வது என்கிறாய்.

ஒத்துக்கொள். ஆனால் ஒன்று. முப்பது வருஷம் நம் வீட்டு முகப்பில் பாய் விரித்துக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் சொல்கிறேன், பயந்துபோய் வருகிற பிள்ளையைவிட ஆசையோடு வருகிற பிள்ளைதான் கஷ்டம். பயந்த பிள்ளையிடம் நமக்குத் தானாகவே பொறுமை வந்துவிடும். ஆசையோடு வருவது அப்படியில்லை. அது கேட்கும் முன்னாலேயே நமக்கு வாய் துறுதுறுவென்று வரும். தெரிந்ததையெல்லாம் கொட்ட இப்படி ஓர் ஆள் எங்கே கிடைக்கும்?

நம் வீட்டு உள்பகுதியில், இரண்டாம் கட்டில் அந்தச் சின்ன அறை ஞாபகம் இருக்கிறதா, தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்தது? அகலத்துக்கு 12 கல், நீளத்துக்கு 18 கல். நீ எட்டாவது படிக்கும்போது மூலைக்கு மூலை ஒரு நூலை இழுத்துக் கட்டி, "இந்த நூல் எத்தனை கல்லைக் கடந்து போகுது?" என்று கேட்டேன். நீ எண்ண ஆரம்பித்தாய். அடுப்பில் குக்கர் விசில் அடித்தது, வாசலில் உன் பெரியப்பா வந்து நின்றார். நான் அவசரத்தில், 12-ஐயும் 18-ஐயும் கூட்டி, இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண்ணை, அதாவது மீப்பெரு பொது வகுத்தியான 6-ஐக் கழி, 24 என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். நீ "சரிம்மா" என்று டி.வி. பார்க்கப் போய்விட்டாய். அதோடு சரி. அந்தக் கணக்கு நம் வீட்டில் செத்துப்போயிற்று.

2010 வாக்கில் கோட்டையூரிலிருந்து சைக்கிளில் ஒரு பையன் வந்தான். அவனிடம் அதே நூல், அதே தரை. முதலில் சாக்பீஸால் 3-க்கு 5 கட்டம் போட்டுப் பார்த்தான். 7 வந்தது. "கூட்டி ஒண்ணு கழிக்கணும் டீச்சர்" என்றான். நான் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பெரிய தரைக்கு 29 என்று எழுதினான். எண்ணிப் பார்த்தால் 24. திரும்ப எண்ணினான், திரும்பவும் 24. எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அங்கேயே இருந்தால் சொல்லிவிடுவேன் என்று எழுந்துபோய் வெள்ளைப் பணியாரத்துக்கு அரைக்க உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம். திரும்பி வந்து பார்த்தால் நூலுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக் கிடக்கிறான், சட்டையெல்லாம் சாக்பீஸ். "நூல் சில இடத்துல கல்லோட மூலையிலேயே போகுது டீச்சர். அங்க ரெண்டு கோட்டை ஒரே சமயத்துல தாண்டிடுது, அதான் குறையுது" என்றான். அப்புறம் அவனே, 2-க்கு 3 கட்டம்தான் ஆறு தடவை திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொன்றிலும் 4 கல், ஆக 24 என்று முடித்தான். அந்த ஆறுதான் பொது வகுத்தி என்பது அவனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கழித்து உறைத்தது. அப்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

உனக்கும் அந்த முக்கால் மணி நேரத்தைக் கொடுத்திருக்கலாம். உன்னைக் கணக்குக்குத் திரும்பக் கொண்டுவந்தவர் உன் கல்லூரி வாத்தியார்தான். அது எனக்குத் தெரியும்.

இனி பரீட்சை விஷயம். சி.எம்.ஐ. நம் சென்னைப் பக்கம் சிறுசேரியில் இருக்கிறது. ஐ.எஸ்.ஐ.யின் கணிதப் பட்டப்படிப்பான பி.மேத் உன் பெங்களூரிலேயே, மைசூர் ரோட்டில். புள்ளியியல் படிப்பான பி.ஸ்டாட் என்றால் கொல்கத்தா. இரண்டு இடத்துத் தேர்வும் நாம் பார்த்த பிளஸ் டூ பரீட்சை மாதிரி இருக்காது. நம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் எழுத்துத் தேர்வுக்கு 90 மார்க், அதில் ஒரு மார்க் கேள்வியே 20. புத்தகத்தின் பின்பக்கத்தை நன்றாக உருட்டினால் கரை சேர்ந்துவிடலாம். ஐ.எஸ்.ஐ.யில் பிற்பகல் தாளில் இரண்டு மணி நேரத்துக்கு எட்டே கேள்விதான் வரும். பெரும்பாலும் 'நிறுவுக' என்று நிற்கும். விடை தெரிந்தால் போதாது, ஏன் என்று வரி வரியாக எழுதத் தெரிய வேண்டும். பழைய தாள்களை அவர்களே இணையத்தில் போட்டிருக்கிறார்கள், எடுத்துக்கொள்.

இந்த மாதிரிப் பிள்ளைகள் தடுக்கி விழுவது எழுதும் இடத்தில்தான். மூளை ஓடும், கை ஓடாது. ஒரு முழு எண்ணை மூன்று தடவை வைத்துப் பெருக்கி வரும் கனத்திலிருந்து அதே எண்ணைக் கழித்தால் வருவது 6-ஆல் வகுபடும் என்று காட்டச் சொல். "அடுத்தடுத்த மூணு எண்ணோட பெருக்கல்தானே ஆன்ட்டி" என்று வாயால் முடித்துவிடுவாள். எழுதச் சொன்னால் ஒன்றரை வரி இருக்கும். அந்த மூன்றில் ஒன்று ஏன் 3-ஆல் வகுபடும், ஒன்றாவது ஏன் இரட்டைப்படை, இரண்டும் சேர்ந்தால் ஏன் 6 என்று ஒவ்வொன்றாகக் கேள். தனக்குத் தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும் என்று முதல் மாதம் முகத்தைத் தூக்குவாள். தூக்கட்டும். அவள் எழுதியதை ஒரு வாரம் கழித்து அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொல். ஒரு வரியாவது அவளுக்கே புரியாது.

வாரத்துக்கு இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம், அது போதும். தினமும் போனால் யோசிக்கிற வேலையும் உன் தலையில் வந்து விழும். பள்ளிப் பாடத்தையும் விட்டுவிடாதே. நுழைவுத் தேர்வு கைகொடுக்கவில்லை என்றால் அந்த மார்க்தான் மிச்சம். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையை, கேள்வி கேட்டே என் உயிரை வாங்கிய பிள்ளையை, ஒரு தங்கிப் படிக்கும் பயிற்சி மையத்தில் சேர்த்தார்கள். இரண்டு வருஷம் கழித்து வந்தபோது எந்தக் கணக்கையும் நிமிஷத்தில் போட்டான். கேள்வி மட்டும் ஒன்றுகூடக் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

காசு வாங்கு. தெரிந்தவர்கள், எதிர் வீடு என்று சும்மா சொல்லிக்கொடுத்தால், நேரமாகிவிட்டது என்று நீயும் சொல்ல முடியாது, புரியவில்லை என்று அவளும் சொல்ல மாட்டாள். என் ஐயா மலாயாவில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக இருந்து ஐந்தொகைக் கணக்கு எழுதக் கற்றவர். "காசு பேசாத சங்கதியில கணக்கு நேராகாது" என்பார். டியூஷனுக்கும் அது சரியாகத்தான் இருந்தது. எவ்வளவு என்பதை உன் ஊர் நிலவரம் பார்த்து முடிவு செய். அப்பச்சி சொன்ன தொகையை எழுதவில்லை. அவருக்கு பெங்களூர்க்காரர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள்.

அவள் அம்மா, வெறும் கணிதம் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று உன்னைக் கேட்பார், பார்த்துக்கொண்டே இரு. அதற்குப் பதில் நீயே சொல், உன் சம்பளமே சொல்லும். வேண்டுமானால் நம் அழகப்பச் செட்டியார் கதையைச் சொல். கோட்டையூர்க்காரர், பெரிய வியாபாரி. காரைக்குடியில் கல்லூரிகளைக் கட்டியதோடு நில்லாமல், 1950-இல் சென்னையில் ராமானுஜன் பெயரில் கணிதத்துக்கென்றே ஒரு நிறுவனம் ஆரம்பித்தார். வட்டிக்கு வட்டி பார்க்கிற ஊரிலிருந்து போன மனுஷர், பணம் திரும்பி வராத இடத்தில் போட்டார். 1957-இல் அவர் காலமானபின் சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. அந்த அம்மாவுக்கு இது திருப்தியாக இருக்குமா என்று தெரியாது. எனக்கு ரொம்பப் பெருமை.

கடைசியாக, உனக்குத் தெரியாததைக் கேட்டால். கேட்பாள். "தெரியல, வெள்ளிக்கிழமை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை மறக்காமல் அதை எடு. ஒருமுறை ஒரு சமன்பாட்டை இரண்டு பக்கமும் எக்ஸால் வகுத்து, பூஜ்யம் என்கிற விடையைத் தொலைத்துவிட்டேன். கோட்டையூர்ப் பையன் தயங்கித் தயங்கி, "டீச்சர், எக்ஸ் பூஜ்யமா இருந்தா?" என்றான். நான் சிலேட்டைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். அடுத்த வாரத்திலிருந்து என் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கவே சீக்கிரம் வர ஆரம்பித்தான். பின்னால் அவன் சிவில் இன்ஜினீயரிங் படித்தான். அது அவன் வீட்டு முடிவு.

வெள்ளிக்கிழமை பார்சலில் மாவுருண்டையும் சீடைக்காயும் போட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கும் கொடு.

அந்தக் கோட்டையூர்ப் பையன் போகும்போது ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனான். தரையை விட்டுவிடுங்கள் டீச்சர், கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு பெட்டி மாதிரி 12-க்கு 18-க்கு 30 என்று கனசதுரங்களாகவே நிரப்பினால், மூலைக்கு மூலை போகும் கம்பி எத்தனை கனசதுரத்தைத் துளைக்கும்? எனக்கு இரண்டு ராத்திரி ஆயிற்று. உன் எதிர் வீட்டுப் பெண்ணிடம் கேள். அதற்கு முன் நீ ஒரு தடவை போட்டுப் பார். விடை என்னிடம் இருக்கிறது. போன் பண்ணினாலும் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அம்மா