வண்டலூர் போகும் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து லீவு விடப்போகிறோம். எங்கே போகப்போகிறீர்கள் என்று வகுப்பு வகுப்பாகக் கேட்டதில் பாதிப் பிள்ளைகள் வண்டலூர் மிருகக்காட்சிசாலை என்றார்கள். சரி, தாராளமாகப் போய் வாருங்கள். கிளம்புவதற்கு முன் நான் பட்ட கதையையும் கொஞ்சம் கேட்டுவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை. தலைமையாசிரியைக்கே இது தெரியாமல் போன வருடம் பேத்தியையும் புளிசாதத்தையும் தூக்கிக்கொண்டு போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு, ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்பினோம் (சிரிக்காதீர்கள்). காணும் பொங்கலன்றும் வேண்டாம், மனிதத் தலைகளைத்தான் பார்க்கலாம்.

மறுநாள் மறுபடி போனோம். மொத்தம் 602 ஹெக்டேர், கிட்டத்தட்ட 1,500 ஏக்கர். அத்தனையையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று "அதோ புலி, பார்த்தாச்சா, வா வா" எனப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம். என் பேத்தியோ நீர்யானைக் குளத்தருகே நின்றுவிட்டாள். தண்ணீருக்கு மேல் ஒன்றுமே இல்லை. அது மூச்சை அடக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் வரைகூட உள்ளேயே கிடக்கும், தூக்கத்திலும் தானாக மேலே வந்து மூச்சு விட்டுவிட்டுப் போகும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான், என் வாட்சைக் கழற்றி வாங்கிக்கொண்டு ஒவ்வொரு முறை மூக்கு தெரியும்போதும் நேரம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அரை மணி நேரம் அங்கேயே போனது. ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கவே இல்லை, இன்றுவரை அதைப் பற்றி அவள் கேட்கவும் இல்லை.

வெயில் ஏறிவிட்டால் புலி, சிங்கம் எல்லாம் நிழலில் சுருண்டுவிடும். காலையிலேயே போய்விடுங்கள். தூங்குகிற புலியை எழுப்பக் கூச்சல் போடுவதும் கல் எறிவதும் பெரியவர்கள்தான், அதைப் பார்த்துதான் பிள்ளைகள் கற்றுக்கொள்கின்றன. அப்புறம், வெள்ளைப்புலி தனி இனம் என்று சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். அதுவும் வங்கப்புலிதான். வெள்ளை நிறத்துக்கான மரபணு அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்தால்தான் குட்டி அப்படிப் பிறக்கும். பிளாஸ்டிக் கவர் எதுவும் வேண்டாம், எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போங்கள்.

வீட்டில் பழைய மெட்ராஸ்காரர்களான தாத்தா பாட்டி இருந்தால் கட்டாயம் அழைத்துப் போங்கள். மிருகக்காட்சிசாலை சென்ட்ரல் பக்கத்தில் இருந்த காலத்தில் அதை 'உயிர் காலேஜ்' என்றும், எழும்பூர் மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்றும் சொல்வார்கள். 1985-இல்தான் வண்டலூருக்கு மாறியது. அந்தக் கதைகளை அவர்கள் வாயால் கேட்க வேண்டும்.

லீவு முடிந்து வந்ததும் 'நான் கண்ட மிருகக்காட்சிசாலை' என்று கட்டுரை எழுதச் சொல்ல மாட்டோம், ஆசிரியர்களிடம் பேசிவிட்டேன். பார்த்த விலங்கைப் பற்றி யாருக்காவது சொல்லியே ஆக வேண்டும் போல இருந்தால் என் அறைக்கு வரட்டும். கதவு திறந்துதான் இருக்கும், செவ்வாய்க்கிழமையும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை